நாய்ப் புற்றும் விதிப் பேச்சும்

விதி என்னும் சொல்லுக்கு வயதாகிவிட்டது. படித்த பிள்ளைகளின் முன்னிலையில் அதைச் சொல்லப் பெரியவர்களே கூசுகின்றனர். ஆனால் விதிவாதம் மறைந்துவிடவில்லை. வேறு பெயர் பூண்டு வந்து நடுவீட்டில் அமர்ந்துள்ளது. முன்பு ‘தலையில் எழுதியது’ என்று கைவிரித்தவர் இன்று ‘மரபணுவில் உள்ளது’ என்று கைவிரிக்கின்றனர். குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டால் அதுவே விடை. பிள்ளை கணக்குப் பாடத்தில் பின்தங்கினால் அதுவே விடை. ஒரு சாதியின் பெருமை பேசவும் மற்றொன்றின் சிறுமை பேசவும் அதுவே சான்று. அறிவியலின் பெயரைச் சொல்லியே அறிவியலுக்கு முந்திய நம்பிக்கை ஒன்று மறுபடியும் அரியணை ஏறுகிறது. இந்தப் பேச்சின் பொய்ம்மையை உணர்த்தப் பெரிய நூல்கள் வேண்டா. பூச்சோங் வட்டாரத்துத் தெருநாயின் உடலில் வளரும் ஒரு கட்டியே போதும்.

பூச்சோங் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களுமாய் இருந்த ஊர். காசல்பீல்டு, கின்ராரா முதலான தோட்டப் பெயர்கள் இன்று பள்ளியின் பெயராகவும் குடியிருப்பின் பெயராகவும் மட்டுமே எஞ்சியுள்ளன. 1999இல் டாமான்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை வந்தது; 2016இல் இலகு ரயிலும் வந்து சேர்ந்தது. லயத்து வீட்டு வாயிலில் கட்டப்படாமலே காவல் கிடந்த நாய்க்கு அடுக்குமாடியில் இடமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பெயர்ந்தபோது நாய்கள் பின்தங்கின. அவற்றின் வழித்தோன்றல்களும், பிற்காலத்தில் தாமான் வீடுகளில் ஆசையாய் வாங்கி வளர்த்து அலுத்துப்போனவர்கள் கைவிட்டவையும் சேர்ந்து, கடைவரிசைகளின் பின்சந்துகளிலும் கட்டுமான இடங்களிலும் பழைய ஈயக் குட்டைகளின் கரைகளிலும் இன்று திரிகின்றன.

இத்தகைய நாய்களுள் சிலவற்றின் பிறப்புறுப்பில், காலிஃபிளவரைப் போன்று சிவந்து பிளவுபட்டு எளிதில் குருதி கசியும் கட்டி ஒன்று காணப்படும். சிலவற்றுக்கு மூக்கிலும் வாயிலும்கூட அது தோன்றும். கால்நடை மருத்துவர் இதனைத் தொற்றும் பால்வினைக் கட்டி என்பர். குருதி சொட்டச் சொட்டக் கோயில் வாசலிலோ ஒட்டுக்கடை ஓரத்திலோ வந்து நிற்கும் அந்த நாயைக் கண்டதும் எழும் பேச்சு இரண்டு வகைப்படும். ‘பாவம், அதன் விதி’ என்பது ஒன்று. ‘புற்றுநோய்; பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும்; மாநகர் மன்றத்துக்குச் சொல்லி அப்புறப்படுத்துங்கள்’ என்பது மற்றொன்று. முன்னது இரக்கம் போலவும் பின்னது எச்சரிக்கை போலவும் தோன்றினாலும் இரண்டும் ஒரே முடிவையே சென்றடைகின்றன. அந்த நாய்க்குச் செய்வதற்கு ஏதுமில்லை என்பதே அம்முடிவு. அது முழுத் தவறு.

ஒட்டிவிடும் என்ற அச்சத்திற்கு முதலில் விடை கூறலாம். இக்கட்டி மனிதருக்குத் தொற்றாது. நாய்க்கு நாய், பெரும்பாலும் புணர்ச்சியின்போதும், சில வேளை நக்குதலாலும் முகர்தலாலும் தொற்றுகிறது. அவ்வாறு தொற்றுவது ஒரு கிருமியும் அன்று என்பதே இந்நோயின் வியப்பு. 1876இல் ருஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி ஒரு நாயின் கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்து மற்றொரு நாயின் உடலில் வைத்தபோது அங்கும் கட்டி வளர்ந்தது. அது ஏன் வளர்ந்தது என்பது உறுதியாய்ப் புலப்பட 130 ஆண்டுகள் ஆயின. 2006இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ராபின் வைஸ் குழுவினர், இத்தாலி, இந்தியா, கென்யா முதலிய நாடுகளின் நாய்களிடமிருந்து கட்டிகளைப் பெற்று ஆராய்ந்தனர். கட்டியின் மரபணுக்கள் அதைச் சுமந்த நாயின் மரபணுக்களோடு பொருந்தவில்லை. ஆனால் நாடு விட்டு நாடு, கட்டிகள் ஒன்றோடொன்று பொருந்தின. தொற்றுவது கட்டியின் உயிரணுவேதான் என்பது ஐயத்திற்கு இடமின்றி விளங்கியது. என்றோ மாண்டுபோன ஒரு நாயின் உயிரணுக்கள், அந்த நாயின் உடல் மண்ணான பின்னும், பிற நாய்களின் உடல்களில் குடியேறிக் குடியேறி இன்றுவரை பெருகி வருகின்றன.

அந்த முதல் நாய் எக்காலத்தது? 43 நாடுகளிலிருந்து திரட்டிய 546 கட்டிகளை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அது 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்ததாகக் கணிக்கிறது. ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் கடலோடிகளின் நாய்களோடு இந்நோய் அமெரிக்கக் கண்டத்தை அடைந்து, அங்கிருந்து மீண்டும் கப்பலேறி உலகைச் சுற்றியது. (ஐரோப்பியர் காலடி வைப்பதற்கு முன் அமெரிக்காவில் வாழ்ந்த நாயினம் அறவே அழிந்துவிட்டது, இன்று உலகில் அந்த இனத்திற்கு மிக நெருங்கிய உறவு இந்தக் கட்டிதான் என்று 2018இல் கண்டறிந்தனர். குலம் அழிந்து புற்று மட்டும் எஞ்சுவதென்பது எந்தப் புராணத்திலும் இல்லாத கதை.)

இனி விதிவாதிகளுக்கான வினா. மரபணுவில் எழுதப்பட்டதே முடிவென்றால், இந்தக் கட்டி எப்போதோ அழிந்திருக்க வேண்டும்; இல்லையேல் எவராலும் வெல்ல முடியாததாய் ஆகியிருக்க வேண்டும். ஏனெனில் அதன் எழுத்து அவ்வளவு சிதைந்துள்ளது. மனிதருக்கு வரும் புற்று ஒன்றில் பொதுவாகச் சில ஆயிரம் மரபுப் பிழைகள் காணப்படும். இந்த நாய்ப் புற்றில் ஏறத்தாழ 19 லட்சம் பிழைகள் இருப்பதாக 2014இல் எலிசபெத் மர்ச்சிசன் தலைமையிலான ஆய்வினர் எண்ணிக் காட்டினர். 646 மரபணுக்கள் முற்றாகவே தொலைந்துவிட்டன. நாய்க்கு இயல்பாக 78 குரோமோசோம்கள் இருக்க, கட்டியின் உயிரணுவில் 60ஐ ஒட்டியே உள்ளன. எழுத்துகள் அழிந்தும் ஏடுகள் ஒட்டியும் போன சுவடி அது. ஆயினும் அது வாழ்கிறது. அதைக் காட்டிலும் விந்தை: ஏறக்குறைய ஒரே சுவடியைச் சுமக்கும் இக்கட்டி, ஒரு நாயின் உடலில் மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகிறது, மற்றொரு நாயின் உடலில் சில மாதம் வளர்ந்து, சில காலம் நின்று, பிறகு தானே சுருங்கி மறைந்துவிடுகிறது. அவ்வாறு மறைந்த நாயின் உடலில் மறுபடியும் அதை வளர்க்க முயன்றால் பெரும்பாலும் வளர்வதில்லை. இளங்குட்டிகளிலும் நோயெதிர்ப்பு ஆற்றல் நலிந்த நாய்களிலுமோ அது கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. எழுத்து ஒன்று, முடிவு இரண்டு. அப்படியாயின் முடிவை எழுதியது எது?

மரபணு இருப்பது வேறு. அது வேலை செய்வது வேறு. இந்த வேறுபாட்டை அறியாதவர்தாம் மரபணுவைத் தலையெழுத்து என்கின்றனர். நாகசுரத்தின் அடிப்பகுதியில் விரல் படாத சில துளைகள் உண்டு. அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் வித்துவான் சுருதியைச் சரிசெய்துகொள்வார். துளை அங்கேயே இருக்கிறது. அது ஒலியில் பங்கு கொள்வதும் கொள்ளாததும் மெழுகைப் பொறுத்தது. உயிரணுவும் தன் மரபணுக்களின்மேல் வேதியியல் மெழுகு பூசிக்கொள்கிறது. மீத்தைல் என்னும் சிறு முத்திரை பதிந்தால் பல மரபணுக்களின் குரல் மாறுகிறது. கண்ணின் உயிரணுவும் ஈரலின் உயிரணுவும் ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டிருந்தும் ஒன்று கண்ணாகவும் மற்றது ஈரலாகவும் இருப்பது இதனால்தான்.

நாய்ப் புற்று உயிர் பிழைப்பதும் இந்த வித்தையால்தான். ஓர் உடலில் அயல் உயிரணு புகுந்தால் நோயெதிர்ப்புப் படை அதை அடையாளம் கண்டு கொன்றுவிட வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்கள் வாழ்நாள் முழுதும் மருந்துண்பது இந்தப் படையை அடக்குவதற்கே. அடையாளம் காண உதவுவன ஒவ்வோர் உயிரணுவின் மேற்பரப்பிலும் நிற்கும் சில புரதங்கள். அறிவியலார் அவற்றை எம்.எச்.சி. என்று சுருக்கி அழைப்பர். மலேசியர் கையில் அடையாள அட்டை போன்றவை அவை. வளரும் பருவத்து நாய்ப் புற்று இந்த அட்டைகளை அநேகமாக வெளியே காட்டுவதில்லை. அவற்றை உண்டாக்கும் மரபணுக்களைத் தொலைத்துவிட்டதால் அன்று. அவற்றை உறங்க வைத்திருப்பதால். டி.ஜி.எஃப். பீட்டா என்னும் பொருளைக் கட்டி சுரக்கிறது. அப்பொருள் அட்டை எழுதும் வேலையை ஒடுக்குகிறது. பிறகு நாயின் உடலிலிருந்து கட்டிக்குள் நுழையும் வெள்ளணுக்கள் இன்டர்லியூக்கின் 6 என்னும் மற்றொரு பொருளைப் போதுமான அளவு சுரந்தால் ஒடுக்குதல் முறிகிறது, உறங்கிய மரபணுக்கள் விழிக்கின்றன, அட்டை வெளிப்படுகிறது, கட்டி சுருங்கத் தொடங்குகிறது. தைவான் ஆய்வாளர்கள் 2004இல் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டினர். ஒரு மரபணுவும் புதிதாய் எழுதப்படவில்லை, ஒன்றும் அழிக்கப்படவில்லை. செயல் மாறியது, நோய் மாறியது.

இஃது ஏதோ நாய்க்கு மட்டும் உரிய விநோதம் என்று ஒதுக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியத் தீவில் ‘டெவில்’ என்ற சிறு விலங்கினத்திடையே 1996 முதல் ஒரு முகப்புற்று பரவி, அவ்வினத்தின் பெரும்பகுதியை அழித்துவிட்டது. அதுவும் கடியினால் தொற்றும் புற்று. அங்கும் அடையாளப் புரதங்களின் மரபணுக்கள் கெடாமலே இருக்கின்றன. வெறுமனே அடக்கி வைக்கப்பட்டுள்ளன. தக்க தூண்டுதல் கொடுத்தால் மீண்டும் வேலை செய்கின்றன என்று 2013இல் கண்டனர்.

மரபணுப் பிழைக்கு இந்நோயில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பிழை இல்லாமல் புற்று பிறப்பதில்லை. வளர்ச்சியை ஆளும் ‘மிக்’ என்ற மரபணுவின் அருகே, இடம்விட்டு இடம் தாவும் ஒரு துணுக்கு வந்து செருகிக்கொண்டிருப்பதை 1985இலேயே இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கண்டனர். அத்துணுக்கைக் கொண்டு இக்கட்டியை இனம் காணவும் முடிகிறது. ஆனால் அங்கும் உற்று நோக்கத்தக்கது, அம்மரபணு உடைந்து போகவில்லை என்பதே. அதன் வேலைவேகம் கூடியிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளரின் கருத்து. பிழை, நோயைத் தொடங்கி வைக்கிறது. நோய் வெல்வதும் தோற்பதும் அதன்பின் நடக்கும் செயற்பாட்டில் இருக்கிறது. தொடக்கத்தையே முடிவென்று சாதிப்பவர் அறிவியல் பேசவில்லை, சாதகம் பார்க்கின்றனர்.

இவ்வளவும் ஆய்வுக்கூடத்துப் பேச்சாக நின்றுவிட்டிருந்தால் பூச்சோங் நாய்க்கு அதனால் பயனில்லை. நல்வாய்ப்பாக மருந்து இருக்கிறது. அதுவும் தமிழர் வீட்டு வாசலில் பூக்கும் செடியிலிருந்து பிறந்த மருந்து. மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் பரவிய நித்தியகல்யாணி, தோட்டப்புறத்து லயங்களின் முன்னும் கோயில் நந்தவனங்களிலும் ஆண்டு முழுதும் பூத்துக் குலுங்கும் எளிய செடி. அதன் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வின்கிறிஸ்டின் என்னும் மருந்து 1963 முதல் மனிதரின் இரத்தப் புற்றுக்குத் தரப்பட்டு வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. இதே மருந்தை வாரம் ஒரு முறை நரம்பின் வழியே செலுத்தினால், பெரும்பாலான நாய்களில் நாலைந்து வாரங்களிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் இக்கட்டி கரைந்துவிடுகிறது. பத்து நாய்களில் ஒன்பதுக்கு மேல் குணமாவதாகக் கால்நடை மருத்துவ நூல்கள் உரைக்கின்றன. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்பிக்கை இழப்போர், புற்றுகளுள் மிக எளிதாகக் குணமாவனவற்றுள் இஃதொன்று என்பதை அறியார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நித்தியகல்யாணி இலையை அவித்து நாய்க்கோ மனிதருக்கோ கொடுக்கத் துணிபவர் உண்டு, அது நஞ்சு. ஒரு கிராம் மருந்தெடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். கஷாயத்தில் மருந்து எவ்வளவு, நஞ்சு எவ்வளவு என்று அளந்து சொல்ல எவராலும் இயலாது. மருத்துவர் கையாளும் வின்கிறிஸ்டினேகூட நரம்புக்கு வெளியே ஒரு துளி கசிந்தால் தசையை அழுகச் செய்யும்.

இம்மருந்து கட்டியை எவ்வாறு கரைக்கிறது? உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதற்குத் துணை நிற்கும் நுண்ணிழைகளை அது சிதைக்கிறது. அதனால் கட்டியின் உயிரணு பெருக முடியாமல் மடிகிறது. நெடுங்காலம் இவ்வளவே கதை என்று கருதப்பட்டது. 2018இல் அரிபெர்ட்டோ ஃபசாட்டியும் ராபின் வைசும் உள்ளிட்ட ஆய்வினர் மருந்திட்ட நாய்களின் கட்டிகளிலிருந்து அடுத்தடுத்துச் சிறு திசுக்களை எடுத்து, எந்தெந்த மரபணுக்கள் ஓங்கின, எவை ஒடுங்கின என்று வரிசையாகப் பார்த்தனர். மருந்து பட்டதும் முதலில் விழித்தது நாயின் உடலோடு பிறந்த நோயெதிர்ப்பு. கட்டியைச் சூழ்ந்த நாயின் தோல்திசு தன்னைச் சீரமைக்கத் தொடங்கியது. அடுத்து, எதிர்ப்பணுக்கள் கட்டிக்குள் திரளாய்ப் புகுந்தன. அதன்பின் கட்டியின் உயிரணுக்கள் பெருகுவதை நிறுத்தின. இறுதியில் புண் ஆறியது. எதிர்ப்பணுக்களை அழைத்துவரும் சி.சி.எல். 5 என்னும் தூதுப் பொருளின் மரபணு இந்நிகழ்ச்சிக்குத் தூண்டுகோலாய் இருக்கக்கூடும் என்று அவர்கள் சுட்டினர். செயல் மாறிய மரபணுக்கள் பலவற்றின்மீது மீத்தைல் முத்திரையும் இடம் மாறியிருந்தது. ஆக, மருந்து தனியே நின்று கொல்லவில்லை. உறங்கிய உடலைத் தட்டி எழுப்பியது. பல்லாயிரம் ஆண்டு பழைய புற்று, நான்கு வார ஊசியின் முன் பணிந்தது இவ்வகையில்தான்.

இப்பாடம் நாயோடு நிற்பதன்று. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2017–2021 அறிக்கையின்படி, நாட்டில் புற்றுநோய் கண்டறியப்படுவோரில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மூன்றாம் கட்டத்திலோ நான்காம் கட்டத்திலோதான் மருத்துவரை அடைகின்றனர். இதற்கு வறுமை, அச்சம், தொலைவு என்று பல காரணங்கள் உள. அவற்றோடு ‘குடும்பத்தில் இருக்கிறது, வந்தே தீரும், வந்தால் தீராது’ என்ற பேச்சும் ஒன்று. உண்மை யாது? பெற்றோர் வழியாக நேரே வரும் மரபுப் பிழையால் உண்டாகும் புற்றுகள் நூற்றில் ஐந்து முதல் பத்துவரைதான். அப்பிழை உடையவர்க்கும் முன்னதாகவே சோதித்துப் பார்ப்பதால் கிடைக்கும் நன்மை பிறரைவிட அதிகமே அன்றிக் குறைவன்று. மார்பில் கட்டியைத் தொட்டுணர்ந்த பின்னும் ‘அம்மாவுக்கும் இப்படித்தான்’ என்று சொல்லி ஆறு மாதம் வாளாவிருக்கும் பெண்ணுக்கு, அந்த ஆறு மாதத்தைக் கொள்ளையடித்தது மரபணு அன்று; மரபணுவைப் பற்றிய பொய்.

விதியென்று விடுவோரைப் போலவே, கொன்றால் தீரும் என்போரும் இந்நோயின் இயல்பை அறியாதவரே. நாய்களைக் குறைக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கேட்பாரற்றுத் திரியும் நாய்கள் மிகுந்த இடத்தில்தான் இப்புற்று வேரூன்றுகிறது. 109 நாடுகளின் கால்நடை மருத்துவர்களையும் பணியாளர்களையும் கேட்டறிந்த ஆய்வொன்று, குறைந்தது 90 நாடுகளில் இந்நோய் நிலைத்திருப்பதாகக் கூறுகிறது. பிரிட்டனில் அது இருபதாம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது; நாய்களுக்கு உரிமையாளர் பொறுப்பும் கட்டுப்பாடும் வந்ததன் எதிர்பாராத நற்பயன் அது. அங்கும் நாய்கள் கொல்லப்பட்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோயைத் துரத்தியது பிடிப்பதும் கொல்வதும் மட்டுமன்று. புதிய நாய் தெருவுக்கு வராமல் வாயிலடைத்ததுதான். வாயில் திறந்திருக்கையில் கொன்றுகொண்டே இருப்பது, கூரை ஒழுகும் வீட்டில் தரையை மட்டும் துடைப்பதை ஒக்கும்.

இதற்குச் சென்னையே சான்று. 1860 முதல் நாய்களைப் பிடித்துக் கொல்லும் வேலையை நடத்திவந்த அந்நகரின் மாநகராட்சி, 1990களின் நடுவில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களைக் கொன்றுகொண்டிருந்ததாகப் புளூ கிராஸ் அமைப்பினர் பதிவு செய்துள்ளனர். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. 1964 முதல் கருத்தடையையும் தடுப்பூசியையும் வலியுறுத்திவந்த அவ்வமைப்பின் வழிமுறையை 1996இல்தான் மாநகராட்சி ஏற்றது. நாய்களை அகற்றுவதால் மட்டும் அவற்றின் தொகையோ வெறிநோயோ குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததற்குச் சான்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் 2004இல் தெரிவித்தது. கொன்ற இடத்தில் உணவு எஞ்சுகிறது. அவ்வுணவைத் தேடி அடுத்த தெருவின் இளநாய் வருகிறது. அது முன்பின் நோய் காணாத உடல். புற்றுக்கு அதைவிட விருப்பமான விருந்தினர் வேறில்லை. மாறாக, நோய் கண்டு குணமாகிக் கருத்தடையும் செய்யப்பட்ட நாய் தன் தெருவிலேயே வாழுமாயின், அது இந்நோய்க்கு ஏறத்தாழ அடைத்த கதவாகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கும் தன் பங்குக்கு ஒரு கொடுமையைப் பார்த்திருக்கிறது. கிள்ளான் துறைமுகத்திற்கு அப்பாலுள்ள கேத்தாம் தீவில் பெருகிய நாய்களைப் பிடித்து, 2009இல் ஆளற்ற சதுப்புத் தீவுகளில் கொண்டுபோய் விட்டனர். கொல்லவில்லை என்ற மனநிறைவு விட்டவர்களுக்கு இருந்திருக்கலாம். உணவும் நன்னீரும் இல்லாத அச்சேற்றில் பசித்த நாய்கள் இறந்த நாய்களைத் தின்ன நேர்ந்த செய்தி வெளிவந்து நாடே தலைகுனிந்தது. ‘அதன் விதி’ என்ற சொல் செயலானால் அதன் வடிவம் அதுதான்.

மனிதருக்கே பணம் போதாத நாட்டில் நாய்க்கு ஊசியா என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே, ஆனால் நாய் பிடிக்கும் வண்டிக்கும் ஆளுக்கும் ஆண்டுதோறும் செலவாகும் பணமும் மனிதரின் வரிப்பணமே. அச்செலவுக்கு முடிவில்லை, கருத்தடைக்கு முடிவுண்டு. வின்கிறிஸ்டின் காப்புரிமைக் காலம் கடந்த பழைய மருந்து. நாய்க்கு வாரம் ஒரு முறை ஊசி போடப் பிடித்துத் தருவதற்கு ஆள் வேண்டும் என்பதே இதில் பெருந்தடை. அந்த ஆளோ ஏற்கெனவே தெருவில் இருக்கிறார். மாலையில் மிஞ்சிய சோற்றை எடுத்துவந்து நாய்களுக்கு இடும் மூதாட்டிகளையும் தொழிலாளிகளையும் ஊர் அறியும். அவர்களைத்தான் நாய் நம்பும். அவர்களுக்குத் தண்டம் விதிப்பதற்கு மாறாக மருத்துவரோடு அவர்களை இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மற்றொரு தடையையும் நேர்மையாகப் பேச வேண்டும். பூச்சோங் பல்லினத்தார் வாழும் ஊர். நாயைத் தொடுவதைத் தவிர்க்கும் சமய நெறியுடைய அண்டை வீட்டாரின் உணர்வு மதிப்புக்குரியது. தம் வாயிலில் நாய்க்கூட்டம் வந்து நிற்பதை அவர்கள் விரும்பாமை இயல்பே. ‘நாய்மேல் அன்பில்லாதவர்கள்’ என்று அவர்களை ஏசும் நாய்ப்பிரியர்கள் நாய்க்கு நன்மை செய்வோர் அல்லர். கருத்தடை செய்த நாய் பருவகாலத்தில் கூட்டமாய்த் திரியாது, குட்டி ஈனாது, கட்டியைப் பரப்பாது. நாயை விரும்புவோரும் விரும்பாதோரும் ஒரே தீர்மானத்தில் கையெழுத்திட இடம் தரும் வழி இஃதொன்றே.

பூச்சோங்கிற்கு அடுத்த செர்டாங்கில், மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில், 1970களிலிருந்து கால்நடை மருத்துவம் கற்பிக்கப்பட்டு வருகிறது. இந்நோயின் பெயரும் மருந்தும் அறிந்து பட்டம் பெற்றவர்கள் அங்கிருந்து ஆண்டுதோறும் வெளிவருகின்றனர். நாட்டின் கால்நடை மருத்துவப் படிப்பின் தலையாய நிலையம், குருதி சொட்டும் நாய் நிற்கும் ஒட்டுக்கடையிலிருந்து நெரிசலற்ற நேரத்தில் அரைமணிப் பயணத்துக்குள் இருக்கிறது. மாநகர் மன்றத்தின் நாய் பிடிக்கும் வண்டி வடக்கே திரும்புவதா, செர்டாங் பக்கம் திரும்புவதா என்பதை எந்த மரபணுவும் தீர்மானிப்பதில்லை. மன்றக் கூட்டத்தில் கையுயர்த்துவோரும், அவர்களைத் தொலைபேசியில் அழைத்து ‘அப்புறப்படுத்துங்கள்’ என்று மட்டும் சொல்லும் குடியிருப்பாளர்களுமே தீர்மானிக்கின்றனர்.